கரைக்கு வந்த மீனும் கடலில் வாழும் மீனும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாழைச்சேனையை அடுத்த கடற்கரையில் அருகருகே இரண்டு குடாக்கள் அமைந்துள்ளன. ஒன்று பாசிக்குடா, மற்றது கல்குடா. பாசி படர்ந்த குடா ஒன்று, கல் நிறைந்த குடா மற்றொன்று எனப் பெயர்களே பொருள் உரைக்கின்றன. இப்பெயர்களை இட்டோர் புலவர் அல்லர். அக்கரையில் தோணி தள்ளியும் வலை இழுத்தும் வாழ்ந்தோர் என்று கருத இடமுண்டு. கடலடி எத்தகையது என்பதை அறியாதவர் மீன் எங்கிருக்கும் என்பதை அறிதல் இயலாது. பாசியை மேயும் ஓராவும் முருகைக்கல் இடுக்குகளிற் பதுங்கும் கலவாயும் ஒரே கடலில் வாழினும் ஒரே இடத்தில் வாழ்வன அல்ல. இவ்வேறுபாட்டை இரு சிறு பெயர்களுள் அடக்கிய மக்களின் கடலைப் பற்றி எழுத்துலகம் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வந்துள்ளது. அவ்வெழுத்துக்களுள் எவை மீனின் வாழ்வை விளக்குகின்றன, எவை கரைக்கு வந்த மீனின் நிறையை மட்டும் கூறுகின்றன என்று நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

கீழைக்கரை நீர்வாழ் உயிர்களைப் பற்றிய எழுத்துக்களுள் பலராலும் அறியப்பட்டது, இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலாகும். 1848 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் மட்டக்களப்புக்குச் சென்ற அவர், வாவியின் அடியிலிருந்து இன்னொலி எழுவதாகக் கேள்வியுற்று, இரவிலே படகேறிச் சென்று அதனைத் தாமே கேட்டார். ஒலி ஒரே நீண்ட சுரமாக அன்றி, தனித்தனியே தெளிவுடைய பல நுண்ணொலிகளின் தொகுதியாக இருந்ததென்றும், படகின் மரத்திற் செவியை வைத்தபோது அது மிகுந்து கேட்டதென்றும், இடத்துக்கிடம் வேறுபட்டதென்றும் அவர் குறித்துள்ளார். இவ்வொலி எவ்வுயிருக்கு உரியதென அவர் மீனவரை வினவியபோது, அவர்கள் மீனைச் சுட்டவில்லை, ஊரியைச் சுட்டினர். அழும் ஊரி என்று பொருள்படும் தமிழ்ப்பெயரொன்றையும் கூறி, அதன் ஓட்டையும் கொணர்ந்து காட்டினர்.

இக்குறிப்பு திறனாய்வாளரின் கவனத்துக்குரியது. கேட்ட காலம், கேட்ட இடம், ஒலியின் இயல்பு, உள்ளூரார் இட்ட பெயர், அவர் கொணர்ந்த சான்று ஆகிய ஐந்தும் அதில் இடம்பெற்றுள்ளன. முடிவு சரியோ தவறோ, ஆராய்ச்சிக்குரிய அடிப்படை அங்கே இடப்பட்டுவிட்டது. ஆயின் அதன்மேற் கட்டடம் எழவில்லை. மீனவர் ஊரி என்றதைப் பிற்காலம் மீன் என்றாக்கிற்று. மட்டக்களப்பு பாடும் மீன்களின் நாடாயிற்று. யாழ் நூலை 1947 இல் வெளியிட்ட விபுலாநந்த அடிகள் வாவியின் இசையை நீரர மகளிரின் இசையாகக் கண்டு பாடினார். 1950களில் லாங் அடிகள் எனும் இயேசு சபைத் துறவி கல்லடிப் பாலத்தருகே அவ்வொலியைப் பதிவு செய்து வானொலியில் ஒலிக்கச் செய்தார். கவிஞர் தம் கடமையைச் செய்தார். துறவியார் தம் ஆர்வத்தைச் செயலாக்கினார். இருவரையும் குறை கூறுதல் பொருந்தாது. எனினும், ஒரு நாட்டின் முத்திரையிலும் பாட்டிலும் இடம்பெற்ற உயிர் எது, அது எங்கே இனம் பெருக்குகின்றது, அதன் தொகை பெருகுகின்றதா அருகுகின்றதா எனும் வினாக்கள் பாட்டின் ஓசையில் அமிழ்ந்து போயின. போற்றப்படுவது அறியப்பட்டதாகிவிடாது என்பதற்கு மட்டக்களப்பு வாவியே சான்றாக நிற்கின்றது.

பாட்டு விட்ட குறையை விஞ்ஞானம் நிரப்பிற்றா என்பது அடுத்த வினா. இலங்கை மீன்களைப் பற்றிய நூல்களுள் மன்றோ என்பார் எழுதி 1955 இல் கான்பெராவில் வெளியான நூல் தலைசிறந்தது. தீவின் கடல் மீன்களையும் நன்னீர் மீன்களையும் இனம் இனமாக வகுத்து, முள்ளும் செதிலும் நிறமும் கொண்டு அடையாளங்காண வழிகாட்டும் நூல் அது. ஒரு மீனுக்குப் பெயரிடாமல் அதனை ஆராய இயலாதாகையால் அந்நூலின் பயன் பெரிது. ஆயின் பெயர்ப்பட்டியல் குடிமதிப்பு ஆகாது. ஊரில் யார் யார் உளர் என்பதை அது கூறும். எத்தனை பேர் பிறந்தனர், எத்தனை பேர் இறந்தனர், எவர் ஊர்விட்டு ஊர் சென்றனர் என்பதைக் கூறாது. அதனைக் கூறுவது குடித்தொகை பற்றிய ஆய்வாகும்.

அவ்வகை ஆய்வும் இலங்கையில் நிகழாமலில்லை. கொழும்பிலிருந்த மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞருள் ஒருவரான கே. சிவசுப்பிரமணியம், தென்மேற்குக் கரைக்கப்பாற் பிடிபடும் சூரை வகையொன்றின் உயிரியலை ஆராய்ந்து 1970 இல் எழுதினார். அவருடைய உழைப்பைப் போன்ற உழைப்பே இத்துறைக்கு முதுகெலும்பாயிற்று. ஆனால் ஆய்வுநிலையம் இருந்த கரை மேற்குக்கரை. பெருஞ்சந்தை இருந்த கரையும் அதுவே. ஆய்வாளர் அன்றாடம் மீனைக் காணக்கூடிய இடத்திலேயே தொடர்ச்சியான ஆய்வு வளரும் என்பது இயல்பு. அவ்வியல்பின் விளைவாகக் கீழைக்கடல் அவ்வப்போது கணக்கெடுக்கப்பட்ட கடலாயிற்றேயன்றித் தொடர்ந்து நோக்கப்பட்ட கடலாகவில்லை.

கணக்கெடுப்பதற்கும் நோக்குவதற்கும் உள்ள வேறுபாடு நுண்ணியது. பாசிக்குடாவை அண்டிய கரையொன்றில் கரைவலை இழுக்கப்படுகிறது எனக் கொள்வோம். சென்ற ஆண்டிலும் பார்க்க இவ்வாண்டு நெத்தலி பாதியாயிற்று. இதற்குக் காரணம் மூன்றாக இருக்கலாம். மீன் உண்மையாகவே குறைந்திருக்கலாம். மீன் குறையாமல், நீரோட்டமும் காற்றும் மாறியதாற் கரையை அணுகாதிருக்கலாம். அல்லது வலை இழுத்த நாள்கள் குறைந்திருக்கலாம். முதலாவது காரணமாயின் பிடியைக் கட்டுப்படுத்தல் வேண்டும். இரண்டாவதாயின் பொறுத்திருத்தல் போதும். மூன்றாவதாயின் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. கரையில் நிறுத்த நிறை மூன்றையும் ஒன்றாகவே காட்டும். எனவேதான் இத்துறை அறிஞர் பிடியின் அளவை மட்டும் கொள்ளாது, அதற்குச் செலவான முயற்சியின் அளவையும் வேண்டுவர். எத்தனை படகு, எத்தனை நாழிகை, எவ்வகை வலை, கண்ணின் அளவென்ன என்பன தெரியாவிடத்து, பிடித்த மீனின் நிறை கடலைப் பற்றி யாதும் சொல்லாது. சந்தையைப் பற்றியே சொல்லும்.

இவ்வுண்மையை உலகம் எளிதிற் கற்கவில்லை. 1883 இல் இலண்டனில் நடந்த மீன்பிடிக் கண்காட்சியில், புகழ்பெற்ற விலங்கியலறிஞர் ஹக்ஸ்லி பெருங்கடல் மீன்வளங்கள் வற்றாதன என்று உரைத்தார். மீன்பிடியின் ஏற்றத்தாழ்வுக்கு மீன்கூட்டங்களின் இடப்பெயர்ச்சியே காரணம் எனப் பலரும் நம்பிய காலம் அது. நோர்வே அறிஞர் யோர்ட் 1914 இல் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையை மாற்றிற்று. 1904 ஆம் ஆண்டிற் பிறந்த ஹெரிங் மீன்கள் அளவிறந்து பிழைத்தமையால், பல ஆண்டுகளுக்குப் பின்னரும் பிடிபட்டவற்றுள் அவ்வொரு வயதினரே மேலோங்கி நின்றதை அவர் காட்டினார். ஒரு நல்ல ஆண்டின் குஞ்சுகள் பல ஆண்டுகளின் வலையை நிரப்பும் என்பதும், குஞ்சுப்பருவத்தின் பிழைப்பே பின்வருவதைத் தீர்மானிக்கும் என்பதும் அதனாற் புலனாயின. பெவர்ட்டன், ஹோல்ட் எனும் இருவர் 1957 இல் வெளியிட்ட நூல் பிறப்பு, வளர்ச்சி, இயற்கைச் சாவு, பிடிசாவு என்பவற்றைக் கணித முறையில் இணைத்து இத்துறைக்கு இலக்கணம் வகுத்தது.

அவ்விலக்கணம் குளிர்நாட்டுக் கடலில் வகுக்கப்பட்டதென்பதை மறத்தலாகாது. அங்கே கோடையும் மாரியும் மீனின் செவிக்கல்லில் வளையம் வளையமாகப் பதிவதால், மரத்தின் வயதை எண்ணுவது போன்று மீனின் வயதை எண்ணலாம். பாசிக்குடாக் கடலில் நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறுவதில்லை. பல இனங்கள் நெடுங்காலம் தொடர்ந்து முட்டையிடுகின்றன. ஆதலால் வயதைக் கல்லில் எண்ணுவது கடினம். மாதந்தோறும் நூற்றுக்கணக்கான மீன்களின் நீளத்தை அளந்து, நீளத்தின் நகர்விலிருந்து வளர்ச்சியை உய்த்துணர்தல் வேண்டும். இம்முறைக்குத் தொடர்ச்சியே உயிர். ஒரு மாதம் தவறினும் இழை அறுந்துவிடும். வெப்பநாட்டு மீனாய்வுக்குக் கப்பலினும் பெரிய கருவி, கரையில் அளவுகோலுடன் தவறாது நிற்கும் ஒரு மனிதரே என்று கூறின் மிகையாகாது.

ஆயினும் கப்பல்களே வந்தன. நோர்வேயும் உணவு விவசாய நிறுவனமும் இணைந்து இயக்கிய ‘டொக்டர் பிரித்யோவ் நான்சன்’ எனும் ஆய்வுக்கப்பல் 1978 இலும் 1979 இலும் 1980 இலும் இலங்கையைச் சுற்றி மூன்று அளவீடுகளை நடத்திற்று. நீருக்குள் ஒலியைச் செலுத்தி, மீனின் காற்றுப்பையில் மோதி மீளும் எதிரொலியைக் கொண்டு மீன்கூட்டத்தின் அளவை மதிப்பிடுதல் அதன் முறை. படகின் மரத்திற் செவியை வைத்த டெனன்டின் ஆர்வம், நூற்றுமுப்பது ஆண்டுகளின் பின் இயந்திரச் செவி பெற்று வந்ததென்னலாம். அவ்வாய்வின் முடிவாக, கரையோரக் கடலிலிருந்து ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 250,000 மெற்றிக் தொன் மீனைப் பிடிக்கலாம் என்றும், அதில் 170,000 தொன் மேனீர் மீன்கள், 80,000 தொன் அடிநீர் மீன்கள் என்றும் மதிப்பிடப்பட்டது.

இவ்வெண் அதன்பின் பல பத்தாண்டுகளாக அறிக்கைக்கு அறிக்கை எடுத்தாளப்பட்டது. குறை எண்ணில் அன்று, அதனைப் படித்த முறையிலேயே உள்ளது. பெருங்கப்பல் ஆழங்குறைந்த நீரிற் புக மாட்டாது. முருகைப்பாரும் குடாவும் வாவியின் வாயும் அதன் செவிக்கு எட்டா. இழுவை மடியும் கற்பாறை நிறைந்த அடித்தளத்திற் செல்லாது. தீவைச் சூழ்ந்த கண்டமேடை சராசரி 22 கிலோமீற்றர் அகலமே உடையது. கிழக்கில் பல இடங்களில் அதனினும் ஒடுங்கியது. அவ்வொடுங்கிய மேடையிலும் கரையை ஒட்டிய பகுதியே சிறுதோணி மீனவரின் கடல். ஆகவே கப்பல் அளந்த கடல் ஒன்று; கல்குடா மீனவர் வலைவீசும் கடல் பெரும்பாலும் மற்றொன்று. முன்னதன் எண்ணைப் பின்னதற்கு உரியதாக எடுத்தாண்டது திறனாய்வற்ற வாசிப்பின் விளைவாகும்.

2018 இல் அதே பெயர் தாங்கிய புதிய கப்பல் மீண்டும் இலங்கைக் கடலை அளந்தது. முன்னைய இருப்போடு ஒப்பிடுமிடத்து மிகக் குறைந்த இருப்பையே அவ்வளவீடு காட்டிற்று. செய்தி கவலைக்குரியது. ஆயின் நாற்பதாண்டு இடைவெளியில் நின்ற இரு புள்ளிகளைக் கோட்டினால் இணைத்துவிட்டு, அக்கோட்டையே வரலாறாகக் கொள்ளுதல் தகாது. அந்நாற்பதாண்டில் கீழைக்கரைக்கு நேர்ந்தவை பல. முதலாம் அளவீட்டுக்கும் இரண்டாம் அளவீட்டுக்கும் இடையிலேயே, 1978 நவம்பர் 23 ஆம் நாள், மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிற்று. 1998 இற் கடல்நீர் வெப்பமுற்று முருகைகள் வெளிறி மடிந்தன. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை எழுந்தது. 2016 இல் மீண்டும் முருகைகள் வெளிறின. இவையனைத்தையும் ஊடறுத்து 1983 முதற் கால் நூற்றாண்டுக் காலம் போர் நிகழ்ந்தது.

போர் மீனாய்வுக்குப் புறம்பானதெனக் கருதுதல் பிழை. முதலாம் உலகப் போரின்போது அத்திரியாத்திக் கடலில் மீன்பிடி குறைய, இத்தாலியச் சந்தைகளில் சுறாவும் திருக்கையும் பெற்ற பங்கு உயர்ந்ததை டி’ அங்கோனா எனும் விலங்கியலாளர் கண்டார். அதன் காரணத்தை விளக்கப் புகுந்த வொல்ரெரா 1926 இல் இரையும் இரைகௌவியும் பற்றிய கணிதத்தை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் வடகடலில் மீன்பிடி பெரிதும் தடைப்பட, அங்கே தட்டைமீன் பெருகியதைப் பெவர்ட்டனும் ஹோல்ட்டும் தம் ஆய்வுக்குச் சான்றாகக் கொண்டனர். போர் நிறுத்தி வைத்த வலை, விஞ்ஞானத்துக்குப் பரிசோதனையாயிற்று. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இரவுத் தொழிலுக்கும் ஆழ்கடற் பயணத்துக்கும் இயந்திர வலுவுக்கும் தடைகள் நீண்ட காலம் நிலவின. கிழக்கிற் போர் 2007 இல் ஓய்ந்தது. அப்போது அக்கடலில் மீன் பெருகியிருந்ததா? பெருகியிருப்பின் எவ்வினங்கள் பெருகின? தடை நீங்கிப் படகுகள் திரும்பியபின் எவ்வளவு விரைவிற் குறைந்தன? உலகின் வேறு கடல்களில் நூல்களையும் கோட்பாடுகளையும் ஈன்ற அதே நிலைமை, இங்கே தொடர்ந்த பதிவேடின்றிக் கழிந்தது. உயிர் காப்பதே அரிதாயிருந்த காலத்தில் மீனை அளப்பார் யார் என்று கேட்கலாம்; கேள்வி நியாயமானதே. ஆயினும் இழப்பு இழப்பே. 2018 இன் எண்ணை இன்று எவரும் உறுதியாக விளக்க மாட்டாதிருப்பதற்கு அவ்விழப்பும் ஒரு காரணம்.

பதிவேடு இல்லாவிடத்து நினைவு உண்டு. கடலோர மூத்தோரின் நினைவில் காற்றும் நிலவும் மீனும் பின்னிக் கிடக்கின்றன. வாடையில் எது கரையணையும், சோழகத்தில் எது விலகும், எந்தப் பாரில் எப்பிறைக்குப் பின் மீன் கூடும் என்பன அவர்க்குப் பாடம். இத்தகைய அறிவை விஞ்ஞானம் ஏற்கலாமா எனும் வினாவுக்கு 1981 இல் ஒரு விடை வெளியாயிற்று. பசிபிக் பெருங்கடலின் பலாவுத் தீவில் ரொபேட் ஜொஹானஸ் எனும் உயிரியலாளர் அங்குள்ள மீனவரோடு பழகி, மீன்கள் முட்டையிடக் கூடும் மாதத்தையும் பிறையையும் இடத்தையும் அவர் வாய்மொழியாகத் திரட்டினார். விஞ்ஞான ஏடுகள் அதுவரை அறியாத பல செய்திகள் அதனால் வெளிப்பட்டன. ‘நீரேரியின் சொற்கள்’ என்று பொருள்படும் பெயரை அவர் அந்நூலுக்கு இட்டார். வாவியின் கரையில் வாழும் தமிழர்க்கு அப்பெயர் ஒரு வினாவாக அமைகின்றது. மட்டக்களப்பு வாவியின் சொற்களை அவ்வாறு திரட்டிய நூல் எது?

அதேவேளை மீனவர் அறிவைத் தெய்வ வாக்காக்குவதும் திறனாய்வு ஆகாது. மனித நினைவு அளவுகோலைத் தன்னோடு நகர்த்திச் செல்லும் இயல்புடையது. ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையிற் கண்ட கடலையே நிறைந்த கடல் என்று கொள்ளும். தந்தையின் குறைவு மகனுக்கு நிறைவாகும் என்பதை டானியல் போலி 1995 இல் எடுத்துக்காட்டினார். மேலும், கரையில் நிற்பவர் காண இயலாதனவும் உள. கலவாய் மீன்களிற் பல பெண்ணாக வாழ்வைத் தொடங்கிப் பெருத்தபின் ஆணாக மாறுவன. பெரிய மீனையே தேடிப் பிடித்தால் ஆண்கள் அருகும். நிறைக் கணக்கு அதனைக் காட்டாது. திரளியும் இறாலும் வாவியில் வளர்ந்து கடலில் முட்டையிடுவன. அவற்றின் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே மீள்வன. வாவியிற் கண்டல் அழிய, கடலில் வலை வெறுமையாகும். காரணம் ஓரிடத்தும் விளைவு வேறோரிடத்துமாக நிற்கும். இவற்றை வெளிப்படுத்த நுணுக்குக்காட்டியும் அளவுகோலும் வேண்டும். சொல்லும் அளவும் ஒன்றையொன்று திருத்தும்போதே அறிவு முழுமை பெறும்.

இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. 2011 முதற் பாசிக்குடாவின் கரையில் உல்லாச விடுதிகள் அடுத்தடுத்து எழுந்தன. தோணியும் வலையும் கிடந்த மணலில் அவற்றுக்குரிய இடம் சுருங்கிற்று. 2019 இல் அண்மையிலுள்ள காயங்கேணிக் கடற்பரப்பு கடல்சார் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. முருகையைக் காத்தல் நன்றே. ஆயின் எல்லைக்கோடு எங்கே அமைய வேண்டும், எம்மாதத்தில் எவ்வலையைத் தடுக்க வேண்டும் என்பவற்றை மீனின் இனப்பெருக்க இடமும் காலமும் தீர்மானித்தல் வேண்டும். அவை தெரியாவிடத்து, கோடு வரைபடத்தின் வசதிக்கேற்ப விழும். தவறான இடத்தில் விழுந்த கோடு மீனையும் காவாது. மீனவனின் ஒரு பருவ உணவையும் பறிக்கும். மாரிக்காலத்தில் வடகீழ்க் காற்றால் மூடப்படும் அக்கடலில், உழைக்கக் கிடைக்கும் மாதங்கள் முன்னரே குறைவு. அவற்றிலிருந்து மேலும் சில நாள்களைக் கேட்கும் சட்டம், அந்நாள்களுக்குரிய காரணத்தை மீனவன் மொழியில் அவன் சோதித்தறியக்கூடிய வகையில் எடுத்துரைக்கக் கடமைப்பட்டது.

இதற்குப் பெருங்கப்பல் வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மண்டபத்தை நெடுங்காலம் தலைமையிடமாகக் கொண்டிருந்த இந்திய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம், 1947 இல் நிறுவப்பட்டது தொடக்கம் இறங்குதுறைகளை மாதிரியெடுத்து நோக்கும் முறையை வளர்த்தது. அதன் பெருமை கருவியில் அன்று, விடாமையில் உள்ளது. வந்தாறுமூலையில் 1981 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் பாசிக்குடாவுக்கு எட்டாத் தொலைவில் இல்லை. ஒரு கரை, ஐந்தாறு இனங்கள், மாதந்தோறும் நீளமும் சினைநிலையும், வலையும் நேரமும், காற்றும் பிறையும், மீனவர் கூறும் பாரின் பெயரும் அடங்கிய ஒரு பதிவேடு பத்தாண்டு தொடருமாயின், அது நான்சன் கப்பலின் எண்ணுக்கு உரைகல்லாகும். அது தமிழிலும் எழுதப்படல் வேண்டும். ஆண்டுதோறும் மீனவர் சங்கங்களில் வாசிக்கப்படல் வேண்டும். தாம் கூறியது எவ்வாறு எழுதப்பட்டது என்பதைக் கேட்கும் மீனவர் பிழையைத் திருத்துவர். திருத்தப்பட்ட பதிவேடே நம்பத்தக்கதாகும்.

கீழைக்கடலைப் பற்றிய எழுத்துக்களை ஒருங்கே நோக்குமிடத்து, பாட்டு மீனைப் புகழ்ந்தது; பட்டியல் பெயரிட்டது; கப்பல் தொகையிட்டது. மூன்றும் வேண்டியனவே, மூன்றும் கரையிலிருந்தோ மேற்றளத்திலிருந்தோ நோக்கியன. கடலுக்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மடியும் கதையை ஆண்டுக்காண்டு தொடர்ந்து எழுதுவோர் இன்னும் வேண்டப்படுகின்றனர். 1848 இல் ஊரியின் ஓட்டைக் கொணர்ந்து காட்டிய மீனவர் தம் பங்கைச் செய்துவிட்டனர். அதனை வாங்கிக் குறித்துக்கொள்ளும் கை அன்று பிறநாட்டுக் கையாக இருந்தது. இனி அது இம்மண்ணின் மாணவர் கையாக அமைதல் வேண்டும்.